மேற்கு வரிசையில் ஓர் இலைகூட இல்லை

ஓய்வு பெற்ற தீயணைப்பு அதிகாரிக்கு இந்த உலகத்தில் இரண்டே வேலைகள்தான் உண்டு. ஒன்று, பக்கத்து வீட்டு கேஸ் குழாயைப் பார்த்துக் குறை சொல்வது. இன்னொன்று, காப்பீட்டுக் கம்பெனி அனுப்பும் பெரிய பெரிய இடங்களுக்குப் போய்க் குறை சொல்வது. இரண்டாவதற்கு வண்டியும் சாப்பாடும் தருகிறார்கள். ஆகவே அதைத் தேர்ந்தெடுத்தேன். பணியில் இருந்த காலத்தில் நாலாயிரம் தீயை அணைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரி நான் சொல்லும் எந்தக் கணக்கையும் நாலால் வகுத்துக்கொள்வாள். அப்படிப் பார்த்தாலும் ஆயிரம் தேறும்.

அந்த பேட்டரி யார்டுக்கு என்னைப் போகச் சொன்னபோது, காப்பீட்டுக் கம்பெனி அதிகாரி அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அங்கே பொறுப்பாளராக இருப்பவர் என் சம்பந்தி. என் மகளை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறோம். வேறு ஆளை அனுப்புவதுதான் முறை என்றேன். அந்த அம்மா கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, சம்பந்திகள் ஒருவருக்கொருவர் சலுகை காட்டியதாகத் தன் வாழ்நாளில் கேள்விப்பட்டதே இல்லை, தாராளமாகப் போகலாம் என்றார்.

யார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பகலில் சூரிய மின்சாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, மாலையில் ஊருக்குத் திருப்பித் தரும் இடம். எண்பத்து நான்கு வெள்ளைக் கன்டெய்னர்கள், வரிசைக்குப் பன்னிரண்டாக ஏழு வரிசை. ஒவ்வொன்றும் கல்யாணமான புதிதில் நாங்கள் குடியிருந்த வீட்டைவிடப் பெரியது. உள்ளே ஏசி வேறு. அதைப் பார்த்தபோது, பேட்டரியாகப் பிறந்திருக்கலாமோ என்று ஒரு கணம் தோன்றியது. மேற்கே ஒரு குன்று. குன்று முழுக்க இடுப்பளவு காய்ந்த புல். மழை பெய்து நாலு மாதம் ஆகியிருந்தது. அந்தப் புல்லை முறைத்துப் பார்த்தாலே பற்றிக்கொள்ளும். குன்றுக்கும் யார்டுக்கும் நடுவில் வேலி. வேலியை ஒட்டி உள்பக்கம் இரண்டு வரிசையாக இருநூற்றுப் பன்னிரண்டு மரங்கள். சம்பந்தி நட்டவை. புழுதி வராமல் இருக்கவும் காற்றைத் தடுக்கவும் நட்டு, ஐந்து வருஷமாகப் பிள்ளை வளர்ப்பதுபோல வளர்த்திருந்தார்.

சாதாரணத் தீ விபத்துக்கும் இங்கே நடக்கக்கூடியதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஒரு கன்டெய்னர் பிடித்துக்கொண்டால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. பக்கத்துக் கன்டெய்னர் சூடாகாமல் பார்த்துக்கொண்டு, பிடித்தது எரிந்து தீரும்வரை கை கட்டி நிற்க வேண்டும். அந்தப் புகை மனிதர்கள் சுவாசிக்கும் புகை அல்ல. ஆகவே குன்றில் தீ வந்தால் அது கன்டெய்னர் வரைக்கும் வருமா, வராதா? அதைச் சொல்லத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள்.

சம்பந்திக்கு அந்த அறிக்கையில் இருந்தது வேறு விஷயம். யார்டு தேறவில்லை என்றால் பொறுப்பாளரை மாற்றிவிடுவோம் என்று அவருடைய மேலிடம் முன்கூட்டியே கடிதம் போட்டிருந்தது. மாற்றல் என்றால் பஸ்ஸில் ஒன்பது மணி நேரத் தூரம். அவருக்கு ஓய்வு பெற இன்னும் பத்தொன்பது மாதம். யார்டில் முதல் கம்பம் நட்ட நாளிலிருந்து இருப்பவர். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்தியைத் தினமும் மூன்று மணிக்குப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது அவர்தான். அவள் எனக்கும் பேத்திதான், ஆனால் நான் நாலு மணி நேரத் தூரத்தில் இருக்கிறேன். அந்த மூன்று மணிக்காக மனிதர் பதவி உயர்வையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்.

கிளம்பும்போது என் வீட்டுக்காரி வாசல்வரை வந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"நம்ம பொண்ணு அந்த வீட்டுல இருக்கா. ஞாபகம் இருக்கட்டும்."

முதல் நாள் நான் போய் இறங்கியபோது சம்பந்தி கேட்டிலேயே நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. அந்த மடிப்பில் கேரட் நறுக்கலாம். அலுவலக மேஜையில் பிஸ்கட் தட்டு. ஒரு பட்டாளம் உட்கார்ந்து சாப்பிட்டாலும் மிஞ்சும். வீட்டில் தங்காமல் கம்பெனி விருந்தினர் அறையில் தங்குகிறேன் என்பதில் அவருக்கு வருத்தம். அறிக்கை எழுதும்வரை உங்கள் வீட்டுச் சாப்பாடு என் தொண்டையில் இறங்கக் கூடாது, அது விதி என்றேன். விதியை எழுதியவனுக்கு சம்பந்தி இருந்திருக்க மாட்டார் என்றார் அவர்.

யார்டைச் சுற்றி நடந்தோம். எனக்கு மயக்கமே வந்துவிடும்போல இருந்தது. அவ்வளவு சுத்தம். தரை என்றால் தரையா அது? அதைப் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். கன்டெய்னர்களுக்கு அடியில் சிமென்ட் மேடைக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதில் குனிந்து டார்ச் அடித்தேன். ஒரு தூசி இல்லை. ஏசி காற்றை இழுக்கும் வாயில் கம்பிவலை. அது பளபளவென்று மின்னியது.

மேற்கு வரிசையில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. தலைக்கு மேலே மரங்கள் இலையை உதிர்த்துக்கொண்டிருந்தன. வேலிக்கு வெளியே கணுக்கால் அளவுக்குச் சருகு. உள்ளே ஒன்றுகூட இல்லை.

இந்தத் தொழிலில் எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. காட்டுத்தீ என்றால் சுவர்போல எழும்பி நடந்து வரும் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது தானாக வருவதில்லை. பொறியைத்தான் தூது அனுப்புகிறது. ஒரு பொறி காற்றில் அரை கிலோமீட்டர் பறந்து போய் வசதியான மூலை பார்த்து உட்காரும். எந்த மூலை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? சருகைக் கேட்க வேண்டும். காற்று சருகை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறதோ, பொறியையும் அங்கேதான் சேர்க்கும். கூட்டாத இடத்தில் இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் போதும். தீ எங்கே உட்காரப் போகிறது என்று தரையே வரைபடம் போட்டு வைத்திருக்கும்.

ஆகவே இரண்டு நாளைக்கு யாரும் யார்டைக் கூட்ட வேண்டாம் என்றேன்.

சம்பந்தியின் முகத்தில் ஈ ஆடவில்லை. என்னமோ அவருடைய துணியை அவிழ்க்கச் சொன்னதுபோல நின்றார். அவரைவிட அதிகமாகக் கோபப்பட்டது துப்புரவு வேலை செய்யும் அம்மா. யார்டில் எல்லோரும் அவரைப் 'புயல்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஐம்பது வயது, ஒல்லி உடம்பு. ஏழு வரிசையையும் மூன்று மணி நேரத்தில் கூட்டி முடிப்பவர். குப்பையைச் சேர்த்து வைப்பதற்கு ஒரு ஆபீசரா என்று சம்பந்தியைக் கேட்டார். என்னைக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்தது. நான் அங்கே நிற்பதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

கடைசியில் இருவரும் ஒப்புக்கொண்டார்கள். புயலுக்கு இரண்டு நாள் சம்பளத்தோடு விடுப்பு.

அந்த நாட்களில் மற்ற வேலைகளைப் பார்த்தேன். குன்றின் சரிவை அளந்தேன். தண்ணீர்த் தொட்டியின் அடிப்பாகம் வரை எட்டிப் பார்த்தேன். தீயணைப்பு நிலையத்திலிருந்து வண்டி வர இருபத்தாறு நிமிடம் ஆகும் என்று எழுதினேன். கம்பிவலையின் ஓட்டைக்குள் பென்சிலை விட்டுப் பார்த்தேன், தாராளமாகப் போனது. பென்சில் போனால் பொறியும் போகும், அதையும் எழுதிக்கொண்டேன். மேற்கிலிருந்து நல்ல காற்று. நான் எதிர்பார்த்ததைவிட நல்ல காற்று. என் தொப்பி போன வேகத்துக்கு இந்நேரம் கடல் தாண்டியிருக்கும்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு மேற்கு வரிசைக்குப் போனேன். ஓர் இலைகூட இல்லை.

முப்பத்தைந்து வருஷ அனுபவம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. அவ்வளவு காற்றுக்கு ஓர் இலையும் உள்ளே வராதா? ஒருவேளை மரங்கள் காற்றை மேலே தூக்கி அனுப்பிவிடுகின்றனவோ, சருகெல்லாம் யார்டைத் தாண்டியே போய்விடுகிறதோ என்று யோசித்தேன். சம்பந்தி பக்கத்தில் நின்று, மரங்களை நட்டபோதே தனக்கு அது தெரியும் என்றார். மனிதர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நானும் நோட்டை எடுத்து, 'மேற்கு மரவரிசை நல்ல தடுப்பாக உள்ளது' என்று எழுதிவிட்டேன். எழுதினேன் என்பதை மறைக்க மாட்டேன். அந்த ஒரு வரி அப்படியே போயிருந்தால் யார்டு தேறியிருக்கும்; சம்பந்தியும் நிம்மதியாகப் பத்தொன்பது மாதத்தைக் கழித்திருப்பார்.

விடுப்பில் இருந்த புயல் அன்று காலை வந்தார். குப்பை சேர்ந்திருப்பதை வேடிக்கை பார்க்கத்தான் வந்தாராம். நேராகத் தன் சாமான் அறைக்குப் போனவர் துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தார். முதல் தடவையாக என்னைப் பார்த்துப் பேசினார்.

"ஐயா, இதை யாரோ எடுத்திருக்காங்க."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நான் இடது கைக்காரி. என் துடைப்பம் ஒரு பக்கமாத்தான் தேயும், ஒரு பக்கமாத்தான் வளையும். இப்போ பாருங்க, மறுபக்கம் வளைஞ்சிருக்கு. இது வலது கைக்காரங்க பெருக்கினது. அதுவும் பெருக்கத் தெரியாதவங்க."

நாலாயிரம் தீயில் எத்தனையோ துப்பறிந்திருக்கிறேன். இந்த அம்மாவின் கால்தூசுக்கு ஆகாது.

இரண்டு பேரும் கட்டுப்பாட்டு அறைக்குப் போனோம். யார்டில் நாற்பது கேமராக்கள். மேற்கு வரிசைக் கேமராவில் அன்று விடியற்காலைப் பதிவைப் போடச் சொன்னேன். ஐந்தரை மணி. சரியாக விடியாத வெளிச்சம். பேன்ட்டை முழங்கால்வரை மடித்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, எங்கள் சம்பந்தி பெருக்கிக்கொண்டிருந்தார். குனிந்து ஒவ்வொரு கன்டெய்னருக்கு அடியிலும் கையை விட்டு இலையை வாரினார். கம்பிவலையைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். கடைசியில் எல்லாச் சருகையும் ஒரு போர்வையில் மூட்டை கட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். முதுகை நிமிர்த்த முடியாமல் இரண்டு தடவை நின்றார். முந்தைய நாள் பதிவிலும் இதே காட்சிதான், போர்வை மட்டும் வேறு.

புயல் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காற்றுக்கு எதிராகப் பெருக்குகிறாரே என்று மட்டும் சொன்னார்.

சம்பந்தியை வரச் சொன்னேன். வந்தார். திரையைப் பார்த்தார். உட்கார்ந்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவர் என்ன செய்வார்? கோபப்படுவார், அல்லது கெஞ்சுவார். இவர் இரண்டும் செய்யவில்லை. என்னைத்தான் குற்றவாளியைப் போலப் பார்த்தார்.

"சம்பந்தி வர்றாருன்னா குப்பையை அப்படியே போட்டு வைப்பாங்களா? ராத்திரி தூக்கமே வரலை. எந்திரிச்சு வந்துட்டேன்."

"இதை ஏமாத்துன்னுதான் மேலிடம் சொல்லும்."

"ஏமாத்தணும்னு செய்யலை. கை நிக்கலை, அவ்வளவுதான்."

அவர் சொன்னதை நம்பினேன். சோதனையைக் கெடுக்க நினைப்பவன் கேமராவுக்கு நேராக நின்று பெருக்க மாட்டான். பதிவில் அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. விருந்தாளி வருவதற்குள் வாசலைச் சுத்தம் செய்கிற அவசரம்தான் அந்த முதுகில் இருந்தது.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கேன்" என்றேன். "அதுவரைக்கும் என்னை சம்பந்தின்னு நினைக்காதீங்க. நெருப்பு வந்திருக்குன்னு நினைச்சுக்கோங்க."

"கல்யாணப் பேச்சு அன்னிக்கே அப்படித்தான் நினைச்சேன்" என்றார்.

புயல் அந்த இரண்டு நாளும் துடைப்பத்தை யார்டில் வைக்கவில்லை. பஸ்ஸில் தன்னோடு வீட்டுக்கு எடுத்துப் போனார். கண்டக்டர் அதற்கு டிக்கெட் கேட்டதாகவும், இவர் கண்டக்டருக்கே டிக்கெட் கொடுத்துவிட்டதாகவும் மறுநாள் கேள்விப்பட்டேன். சம்பந்தி அலுவலக ஜன்னலின் மேற்குப் பக்கத் திரையை இழுத்து மூடிவிட்டார். பார்த்தால் கை அரிக்கும் என்றார்.

ஐந்தாம் நாள் காலை மூவருமாகப் போனோம்.

நான் மிகைப்படுத்துகிறவன். ஆனால் அன்று பார்த்ததில் மிகைப்படுத்த எனக்கு ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. வேலியோரத்தில், மரத்தடியில், சருகு அதிகம் இல்லை. மரங்களைத் தாண்டி இருபது தப்படி வைத்தால் முதல் வரிசைக் கன்டெய்னர்கள். சருகு முழுக்க அங்கேதான் வந்து இறங்கியிருந்தது. சுமைதூக்கி வாசல்படி வரைக்கும் மூட்டையைச் சுமந்து வந்து, வாசல் தாண்டியதும் பொத்தென்று போடுவான் அல்லவா? காற்றும் அதையேதான் செய்கிறது. மரங்கள் அதன் வேகத்தைக் குறைக்கின்றன; வேகம் குறைந்த இடத்தில் சுமந்துவந்ததை இறக்கி வைத்துவிடுகிறது. காற்றைத் தடுக்க நட்ட மரங்கள், காற்று கொண்டுவருவதையெல்லாம் கன்டெய்னரின் காலடியில் சேர்த்துக்கொண்டிருந்தன. மரங்கள் இல்லாத தெற்கு மூலையில் சருகு நிற்காமல் ஓடிப் போயிருந்தது.

சம்பந்தி இஸ்திரி மடிப்பைப் பார்க்கவில்லை. அப்படியே தரையில் குப்புறப் படுத்து, கன்டெய்னருக்கு அடியில் பார்த்தார். எழுந்து அடுத்ததுக்குப் போய்ப் படுத்தார். பன்னிரண்டுக்கும் படுத்து எழுந்தார். புயல் கை கொடுக்கப் போனபோது வேண்டாம் என்றார்.

"ஒன்பதுக்கு அடியில இருக்கு. நாலுல காத்து இழுக்கிற வலை வரைக்கும் ஏறியிருக்கு" என்றார்.

என் நாக்கு பன்னிரண்டு என்று சொல்லத் துடித்தது. ஒன்பது, நாலு என்றே எழுதினேன். மூன்றாம் நாள் எழுதியிருந்த வரியை அடித்தேன்.

சம்பந்தி சட்டையைத் தட்டாமலே, மேற்குக் காற்றில் புகை எந்தப் பக்கம் போகும் என்று கேட்டார். கிழக்கே போகும் என்றேன். கிழக்கே ஒன்றரைக் கிலோமீட்டரில் என்ன இருக்கிறது என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தினமும் மூன்று மணிக்கு அங்கேதானே போய் நிற்கிறார்.

அலுவலகத்துக்குத் திரும்பி நடக்கும்போது அவரிடம் சொன்னேன்: சோதனையை மறுபடியும் ஒழுங்காகச் செய்துவிட்டோம், முடிவு கிடைத்துவிட்டது, நடுவில் யார் பெருக்கினார்கள் என்பது அறிக்கைக்குத் தேவையில்லை. இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் வீட்டுக்காரியின் ஒற்றை வாக்கியம் காதிலேயே இருந்தது. மரம் தவறான இடத்தில் இருக்கிறது என்பதற்குப் பொறுப்பாளரை மாற்றலாம், மாற்றாமலும் விடலாம். சோதனையின் நடுவில் தடயத்தைப் பெருக்கித் தள்ளினார் என்று எழுதிவிட்டால் மாற்றல் நிச்சயம்.

அவர் நடந்துகொண்டே சொன்னார்.

"எழுதுங்க சம்பந்தி."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு. எத்தனை யார்டு இருக்கு, எத்தனை பேர் பார்க்க வர்றாங்க. வர்றாங்கன்னு தெரிஞ்சா எல்லாரும் என்னை மாதிரி பெருக்கித்தான் வைப்பாங்க. நீங்க இதை விட்டுட்டா, பார்க்கறவங்களும் பெருக்கின தரையையே பார்த்துட்டுப் போவாங்க. இந்த அம்மாவோட துடைப்பம் வளைஞ்சதால நமக்குத் தெரிஞ்சுது. எல்லா யார்டுலயும் இடது கைக்காரங்களா இருப்பாங்க?"

எழுதினேன். ஐந்தரை மணி, இரண்டு காலை, இரண்டு போர்வை, எல்லாவற்றையும். என் வாழ்நாளில் ஒரு சொல்லைக்கூடக் கூட்டாமல் நான் எழுதிய ஒரே அறிக்கை அதுதான். அது இரண்டரைப் பக்கம்தான் வந்தது என்பதில் எனக்கே ஏமாற்றம்.

வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் வீட்டுக்காரி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாவது நாள் மகள் போன் செய்து, மாமா வழக்கம்போலத்தான் இருக்கிறார், தினமும் பெட்டியை மட்டும் துடைத்து வைக்கிறார் என்றாள். பெட்டி என்றால் பயணப் பெட்டி. அதன் பிறகு வீட்டுக்காரி இன்னும் மூன்று நாள் பேசவில்லை.

ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. மேற்கே இரண்டு வரிசை, இருபத்து நான்கு கன்டெய்னர்களையும் காலியாக வைக்க வேண்டும். மரங்களை எடுத்துவிட்டு ஜல்லி பரப்ப வேண்டும். எல்லா ஏசி வாயிலும் பொறி நுழையாத சின்னக் கண் வலை. இனிமேல் எந்த யார்டுக்கும் சோதனைக்குப் போகுமுன் சொல்லிவிட்டுப் போகக் கூடாது.

பொறுப்பாளரைப் பற்றியும் ஒரு பத்தி. மாற்றல் என்று மேலிடம் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டது. காப்பீட்டுக் கம்பெனி அதிகாரி அம்மாதான் குறுக்கே நின்றாராம். எந்தக் கன்டெய்னருக்கு அடியில் எவ்வளவு சருகு சேரும் என்று கையாலேயே வாரி அறிந்தவர் அந்த ஒருவர்தான். வேலை முடியும்வரை அவரை நகர்த்தினால் காப்பீட்டை நிறுத்திவிடுவேன் என்றாராம். ஆறு மாதம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு என்ன என்பது அந்தக் கடிதத்தில் இல்லை. அவர் ஓய்வு பெற மிச்சம் அப்போது பதினெட்டு மாதம்.

மரம் வெட்டத் தொடங்கிய அன்று நான் போயிருந்தேன். யாரும் கூப்பிடவில்லை, போனேன். விருந்தினர் அறை தேவைப்படவில்லை, மகள் வீட்டிலேயே சாப்பிட்டேன். ரம்பம் பிடிக்கிறவர்களிடம் சம்பந்தி ஒவ்வொரு மரமாகக் காட்டிக்கொண்டிருந்தார். வடக்கு ஓரத்து மரங்கள்தான் அதிகம் உதிர்க்கின்றன, அவற்றை முதலில் எடுங்கள் என்றார். விழும் மரம் வேலிக் கம்பியில் படாமல் கயிறு கட்டச் சொன்னார். குரலில் ஒன்றும் இல்லை. முதல் மரம் சாய்ந்தபோது மட்டும் ஜல்லி வண்டி வந்துவிட்டதா என்று பார்க்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். புயல் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

முப்பத்தொரு மரம் முடிந்திருந்தது. சம்பந்தி கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டே முக்கால். எண்ணிக்கை எழுதும் அட்டையை என் கையில் கொடுத்தார்.

"மிச்சத்தை நீங்க எண்ணுங்க. விழுந்ததை மட்டும் எழுதுங்க" என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார்.